கட்டைவிரல் உடனே சொல்லிவிடும், மனம் சொல்லாது: காந்தத் தூண்டல் சிகிச்சை யாருக்குப் பலன் தரும்?

காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு முதல் நாள் போகும்போது நடக்கும் முதல் வேலைக்கும் மனத்துக்கும் சம்பந்தமே இருக்காது. எட்டு வடிவத்தில் சுற்றிய கம்பிச்சுருள் ஒன்றைத் தலையின் இடப்பக்கம் வைத்து ஒரு துடிப்பு கொடுப்பார்கள். ‘டக்’ என்று சத்தம் வரும். வலது கைக் கட்டைவிரல் துள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். துள்ளாவிட்டால் வலுவைக் கொஞ்சம் கூட்டுவார்கள், இடத்தைக் கொஞ்சம் நகர்த்துவார்கள். பத்துத் துடிப்பில் ஐந்துக்காவது விரல் அசையும் அளவு கிடைத்ததும் அதைக் குறித்துக்கொள்வார்கள். அந்த ஆளின் மூளைக்கு எவ்வளவு வலு தேவை என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

என் சித்தப்பாவுக்கு இதைச் செய்தபோது நானும் அவருடைய மகளும் கூடவே இருந்தோம். சித்தப்பா பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளில் மூன்று மருந்துகள் மாற்றியாகிவிட்டது. திரும்பி வந்து புளோக்கின் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்தபோது தங்கச்சி கேட்டாள்: “விரல் ஆடுதா இல்லையான்னு அங்கேயே தெரிஞ்சுபோச்சுக்கா. அப்பாவோட மனசுக்கு இது வேலை செய்யுமா செய்யாதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

இந்தத் துறை பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருப்பது அதைத்தான். மனச்சோர்வுக்கும் அப்படி ஒரு கட்டைவிரல் இருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டு, ‘இவருக்குப் பலிக்கும், இவருக்கு வேறு வழி பார்ப்போம்’ என்று முதல் நாளே சொல்லிவிட முடியுமா? அன்று அவளுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பிறகு படித்ததையும் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தார். அதே விதியை வைத்து, மண்டை ஓட்டைத் திறக்காமல் வெளியிலிருந்தே மூளையைத் தூண்டலாம் என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஆண்டனி பார்க்கரும் சகாக்களும் 1985இல் செய்துகாட்டினார்கள். சுருளுக்குள் மின்சாரம் கண நேரம் பாய்ந்து நிற்கும். அப்போது எழும் காந்தப்புலம் எலும்பைக் கடந்து, அடியில் இருக்கும் நரம்பணுக்களில் சிறு மின்னோட்டத்தை எழுப்பும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் அந்த வலு எட்டும். மயக்க மருந்து வேண்டாம், மருத்துவமனையில் தங்க வேண்டாம். மனச்சோர்வுக்கு இதைப் பயன்படுத்திப் பார்த்த ஆரம்ப ஆய்வுகள் 1990களின் நடுவில் வந்தன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முதல் கருவிக்கு 2008இல் அனுமதி கொடுத்தது. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து எல்லாரும் இதை டிஎம்எஸ் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பழைய முறையில் ஒரு நாள் சிகிச்சைக்கு 37 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். வாரத்துக்கு ஐந்து நாள், நான்கிலிருந்து ஆறு வாரம் வரை. பிறகு ‘தீட்டா பர்ஸ்ட்’ என்ற முறை வந்தது. துடிப்புகளைக் கொத்துக் கொத்தாகக் கொடுப்பதால் மூன்றே நிமிடத்தில் முடிந்துவிடும். கனடாவில் 414 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வெளியானது. மூன்று நிமிட முறை, 37 நிமிட முறையைவிடக் குறைந்ததல்ல என்று அது காட்டியது. மூன்று நிமிட முறையில் 49 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் பாதிக்கு மேல் குறைந்தன. 32 விழுக்காட்டினர் மனச்சோர்வு அநேகமாக நீங்கிய நிலைக்கு வந்தார்கள்.

இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு நல்ல பலன், மூன்றில் ஒருவருக்கு முழுப் பலன். மீதிப் பாதிப் பேர், நம் சிங்கப்பூரில் என்றால், தினமும் ஜூரோங்கிலிருந்தோ உட்லண்ட்சிலிருந்தோ ரயிலேறிப் போய், வேலைக்கு விடுப்புச் சொல்லி, பணம் கட்டி, ஆறு வாரம் கழித்து ‘ஒன்றும் பெரிதாக மாறவில்லை’ என்று திரும்புகிறவர்கள். மனச்சோர்வில் இருப்பவருக்கு இன்னொரு தோல்வி என்பது சாதாரண ஏமாற்றம் இல்லை. ‘எனக்கு எதுவுமே பலிக்காது’ என்று நோயே உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதற்கு இன்னொரு சாட்சியாக இது போய்ச் சேரும். முன்கூட்டியே சொல்ல முடிந்தால் நல்லது என்று நான் நினைப்பதற்குப் பணமும் நேரமும் மட்டும் காரணமல்ல.

மருந்துக்குப் பிடிகொடுக்காத சோர்வு

ஒரு சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் பேச வேண்டும். நம் வீடுகளில் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லைத் தேர்வுக்குப் பயப்படும் பிள்ளைக்கும் சொல்கிறோம், ஆறு மாதமாகப் படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கும் சொல்கிறோம். இரண்டாவது நிலைக்கு ‘மனச்சோர்வு’ என்ற சொல் இருக்கிறது. இங்கே நான் பேசுவது அந்த நோயைப் பற்றி. 2016இல் நடந்த சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, 16 பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய்க்கு ஆளாகியிருக்கிறார். நம் புளோக்கில் ஒரு மாடியில் இருக்கும் குடும்பங்களை எண்ணிப் பார்த்தாலே போதும், இது யாரோ எவருக்கோ வரும் நோய் இல்லை என்று தெரிந்துவிடும்.

போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் குறைந்தது இரண்டு மருந்துகள் பலன் தராவிட்டால், மருந்துக்குப் பிடிகொடுக்காத மனச்சோர்வு என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் நாலாயிரம் பேருக்கு மேல் சேர்ந்த ‘ஸ்டார்-டி’ ஆய்வின் முடிவுகள் 2006இல் வந்தன. முதல் மருந்தில் மூன்றில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் குணமானார்கள். இரண்டு மருந்து தோற்று மூன்றாவதற்குப் போனவர்களில் குணமானவர்கள் 14 விழுக்காட்டுக்கும் குறைவு. நான்காவதில் 13 விழுக்காடு. படிக்கட்டில் இறங்க இறங்க இருட்டுகிற மாதிரி. அந்தப் படிக்கட்டில் மூன்றாவது படியில் நிற்பவருக்குத்தான் டிஎம்எஸ் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. எத்தனை மருந்து ஏற்கெனவே தோற்றிருக்கிறதோ, அந்த அளவுக்கு டிஎம்எஸ் பலிக்கும் வாய்ப்பும் குறைகிறது. பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு இது. 2008இல் அமெரிக்காவில் கொடுத்த முதல் அனுமதியே, அப்போதைய நோய்க்கட்டத்தில் (ஒரு முறை நோய் வந்து நீடிக்கும் காலத்தில்) ஒரே ஒரு மருந்து தோற்றவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. அந்தப் பிரிவினரிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. அதாவது கடைசிப் புகலிடம் என்று தள்ளிப்போடத் தள்ளிப்போட, பலன் கிடைக்கும் சாத்தியத்தை நாமே கரைக்கிறோம். சித்தப்பா விஷயத்தில் எனக்கு உறுத்துவது இதுதான். முதல் மருந்து தோற்றபோதே ஒருவரும் எங்களிடம் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மருத்துவர்கள் கேள்வி கேட்டே கணிக்கக்கூடிய வேறு சில விஷயங்களும் உண்டு. நோய்க்கட்டம் எத்தனை காலமாக நீள்கிறது என்பது அதில் முக்கியம், நீண்டுகொண்டே போனால் பலன் குறையும் போக்கு உண்டு. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் பென்சோடையசெபைன் வகை மாத்திரைகளை எடுப்பவர்களுக்குப் பலன் குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மாத்திரைதான் காரணமா, அந்த மாத்திரை தேவைப்படும் அளவுக்குப் பதற்றம் இருப்பதுதான் காரணமா என்று பிரிப்பது கடினம். இதைப் படித்துவிட்டு யாரும் அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. அது வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விடலாம். மருத்துவரிடம் பேசிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வயதை வைத்து முடிவு கட்டுவது இன்னும் சிக்கலானது. முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால் சுருளுக்கும் மூளைக்கும் இடைவெளி கூடும், ஆகவே பலன் குறையும் என்று முதலில் நினைத்தார்கள். வலுவைச் சரியாகக் கூட்டிக் கொடுத்தால் முதியவர்களுக்கும் நன்றாகவே பலிக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ‘வயசாயிடுச்சு, இனிமே என்ன’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சைக் காதில் வாங்க வேண்டாம்.

டியூஷன் நிலையமும் போலி சுருளும்

கணிப்பு என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் பாதி ஆய்வுகளின் தலைப்புச் செய்திகளை நாமே எடைபோட்டுவிடலாம்.

நம் ஊரில் டியூஷன் நிலையங்கள் ஒட்டும் விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். ‘எங்களிடம் படித்தவர்களில் இத்தனை பேர் ஏ’ என்று படத்தோடு போட்டிருப்பார்கள். ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளை எந்த நிலையத்துக்குப் போனாலும் ஏ வாங்கும், போகாவிட்டாலும் வாங்கும். ‘வகுப்பில் முதல் மூன்று இடத்தில் இருக்கும் பிள்ளைகள் எங்கள் டியூஷனால் பலன் பெறுவார்கள்’ என்று அவர்கள் கணித்துச் சொன்னால், கணிப்பு பலிக்கும். ஆனால் டியூஷனைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: எந்தப் பிள்ளை டியூஷன் இல்லாமல் தேறாமல், டியூஷனால் தேறும்?

டிஎம்எஸ் கணிப்பு ஆய்வுகளில் பெரும்பாலானவை முதல் வகை. சிகிச்சை பெற்ற சிலரை எடுத்து, யார் தேறினார்கள், அவர்களிடம் பொதுவாக என்ன இருந்தது என்று பார்க்கிறார்கள். தேறியவர் சிகிச்சையால் தேறினாரா, தானாகவே தேறும் நிலையில் இருந்தாரா என்று அதில் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமானால் போலி சுருள் வேண்டும். சத்தம் வரும், தலையில் தட்டுவது போலவும் இருக்கும், ஆனால் காந்தப்புலம் மூளைக்குப் போகாது.

போலிக்கே எவ்வளவு பலன் இருக்கக்கூடும் என்பதற்கு 2018இல் வெளியான ஓர் ஆய்வு சாட்சி. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 164 பேரைச் சேர்த்தார்கள். உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 40.7 விழுக்காட்டினர் குணமானார்கள். போலி சிகிச்சையில் 37.4 விழுக்காடு. இதை வைத்து டிஎம்எஸ் வெறும் நம்பிக்கை வைத்தியம் என்று முடிவுகட்டத் தேவையில்லை, மற்றப் பல ஆய்வுகளில் உண்மைச் சுருள் போலியை வென்றிருக்கிறது. தினமும் ஒருவர் வீட்டைவிட்டு வெளியே வருவதும், ஒரே முகத்தைப் பார்ப்பதும், ‘இன்னைக்கு எப்படி இருக்கீங்க’ என்று அக்கறையாகக் கேட்கப்படுவதும் தங்கள் பங்குக்கு வேலை செய்கின்றன என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. சித்தப்பாவை அழைத்துக்கொண்டு போன நாள்களில் அதைக் கண்ணால் பார்த்தேன். சிகிச்சை அறையில் இருந்த தாதி அவரை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டுப் பேசும் இரண்டு நிமிடத்துக்காகவே அவர் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

எட்டாத இடத்துக்கு ஒரு கம்பி

சரி, மூளைப் படத்துக்கு வருவோம். அதிகம் எதிர்பார்க்கப்பட்டதும் இங்கேதான், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

தொடக்கத்தில் சுருளை எங்கே வைப்பது என்பதையும் கட்டைவிரல்தான் முடிவு செய்தது. விரல் துள்ளிய இடத்திலிருந்து நெற்றிப் பக்கமாக 5 சென்டிமீட்டர் அளந்து வைப்பார்கள். முன்மூளையின் இடப்பக்க மேற்பகுதி அங்கே இருக்கும் என்பது கணக்கு. எல்லாருக்கும் ஒரே அளவுத் தலை இல்லையே! பலருக்கு அந்த 5 சென்டிமீட்டர் குறி தவறிப்போனது. குறி சரியாக விழுந்தவர்களுக்குள்ளும் சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை.

இன்னொரு பக்கம், ஹெலன் மேபர்க் என்ற நரம்பியல் மருத்துவர் மூளையின் நடுப்பகுதியில், நெற்றிக்குப் பின்னால் ஆழத்தில் புதைந்திருக்கும் ஒரு சிறு இடத்தைத் தொடர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். மனச்சோர்வில் அந்த இடம் மிகையாக வேலை செய்கிறது, நோய் குறையும்போது அதுவும் அடங்குகிறது என்று அவர் கண்டார். 2005இல் கனடாவின் டொராண்டோவில் ஆறு நோயாளிகளுக்கு அந்த இடத்திலேயே மெல்லிய கம்பியைச் செருகி மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். நால்வருக்குப் பலன் நிலைத்தது. ஆனால் அதற்கு மண்டையைத் திறக்க வேண்டும். காந்தச் சுருளின் வலுவோ அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது.

2012இல் மைக்கேல் ஃபாக்சும் சகாக்களும் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். மேலே நாம் தூண்டும் பகுதிக்கும் கீழே எட்டாத அந்த இடத்துக்கும் நரம்பு வழித் தொடர்பு இருக்கிறது. ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் எம்ஆர்ஐ படத்தில், மேற்பகுதியில் சில புள்ளிகள் அந்த ஆழமான இடத்தோடு எதிரெதிராக ஏறி இறங்கும். இது ஏறினால் அது இறங்கும், கிணற்று ஏற்றத்தின் இரு முனை போல. சுருள் எந்த அளவுக்கு அப்படி எதிராக ஆடும் புள்ளியில் பட்டதோ, அந்த அளவுக்கு நோய் குறைந்திருந்தது என்று அவர்கள் கண்டார்கள். கதவு பூட்டியிருந்தாலும் வெளியே இருக்கும் சுவிட்சைத் தட்டி உள்ளே விளக்கை அணைக்கலாம் என்பது போன்ற யோசனை. எந்தச் சுவிட்ச் என்று ஒவ்வொருவரின் படத்தையும் பார்த்துக் கண்டுபிடித்தால் போதும்!

இந்த வேலைக்கு மூளைப் பிணையங்களின், அதாவது சேர்ந்து இயங்கும் மூளைப் பகுதிகளின், வரைபடம் வேண்டும். உலகம் முழுதும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்தாளும் வரைபடங்களில் ஒன்றை 2011இல் 1,000 பேரின் படங்களிலிருந்து உருவாக்கிய குழுவில் முதல் பெயர் தாமஸ் இயோ. அவர் இப்போது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். மூளைப் புறணியை 7 பெரும் பிணையங்களாக அவர்கள் பிரித்தார்கள்.

பிறகு ஸ்டான்ஃபோர்டின் ஆய்வு வந்தது. நோலன் வில்லியம்சின் குழு ஒவ்வொருவரின் எம்ஆர்ஐ படத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தது. ஒரு நாளைக்கு பத்து அமர்வு வீதம் ஐந்தே நாளில் சிகிச்சையை முடித்தது. போலி சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வில், உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 79 விழுக்காட்டினர் அடுத்த நான்கு வாரத்துக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் குணமான நிலையை எட்டினார்கள். போலியில் 13 விழுக்காடு. 2022இல் இந்த முறைக்கும் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. செய்தி வந்தபோது வாட்ஸ்அப்பில் எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள்.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் 29 பேர். இடத்தையும் மாற்றினார்கள், துடிப்பின் எண்ணிக்கையையும் கூட்டினார்கள், ஆறு வாரத்தை ஐந்து நாளாகவும் சுருக்கினார்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டால் எது காரணம் என்று எப்படிச் சொல்வது? குழம்பில் புளி, உப்பு, மிளகாய் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, எதனால் ருசி கூடியது என்று கேட்பது போல. படம் பார்த்து இடம் தேர்ந்ததுதான் காரணம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் நிச்சயம் இல்லை, காரணம் அடுத்த இரண்டு ஆய்வுகள்.

2023இல் ஏறத்தாழ 300 பேரின் தரவை வைத்து இந்த எதிராட்டக் கணக்கைச் சோதித்தார்கள். தொடர்பு உண்மையிலேயே இருந்தது. ஆனால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பலனில் இருக்கும் வித்தியாசத்தில் 3 விழுக்காட்டை மட்டுமே அது விளக்கியது. மீதி 97 விழுக்காட்டுக்கு வேறு காரணங்கள். 2024இல் பிரிட்டனில் ‘பிரைட்மைண்ட்’ என்ற ஆய்வின் முடிவு வந்தது. 255 பேரில் ஒரு பாதிக்கு மூளைத் தொடர்பைப் பார்த்து இடம் தேர்ந்தார்கள், மறு பாதிக்குத் தொடர்பைப் பார்க்காமல், மூளையின் அமைப்பைக் காட்டும் சாதாரண எம்ஆர்ஐ படத்தை மட்டும் வைத்து வழக்கமான டிஎம்எஸ் கொடுத்தார்கள். ஆறு மாதம் வரை பின்தொடர்ந்தார்கள். இரு தரப்பினரும் நன்றாகத் தேறினார்கள், இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

எனக்கு அது மனத்தைத் தளரவைத்த செய்தி இல்லை. மூளைத் தொடர்பைக் காட்டும் சிறப்புப் படம் எடுக்க வசதி இல்லாதவர் எதையோ இழந்துவிட்டதாக வருந்த வேண்டாம் என்றுதான் அந்த ஆய்வை நான் எடுத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு.

ஒருவர் அளவுக்குத் தைத்த சட்டை

கணினிக்கு ஆயிரக்கணக்கான எண்களைக் கொடுத்து, அதுவே கண்டுபிடிக்கட்டும் என்று விடும் வழியும் உண்டு. 2017இல் ஒரு குழு, ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் மூளைப் படங்களை வைத்து மனச்சோர்வை நான்கு வகையாகப் பிரித்தது. அதில் ஒரு வகையினருக்கு டிஎம்எஸ் மற்றவர்களைவிட நன்றாகப் பலித்தது என்றது. நான்கு வகை மனச்சோர்வு என்பது கேட்க எவ்வளவு தெளிவாக இருக்கிறது! ஆனால் 2019இல் வேறொரு குழு வேறு நோயாளிகளிடம் அதே முறையைச் செய்து பார்த்தபோது, அந்த நான்கு வகையும் உண்மையாகவே தனித்தனியாக இருக்கின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை.

இது ஏன் நடக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். லிட்டில் இந்தியாவில் தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த சட்டை உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும். தோள், கை, கழுத்து எல்லாம் உங்கள் அளவு. அதையே பக்கத்து வீட்டுக்காரர் போட்டால் இடிக்கும். ஆள்கள் குறைவாக, அளவுகள் அதிகமாக இருக்கும்போது கணினி தைக்கும் கணிப்பும் அப்படித்தான், கொடுத்த ஆள்களுக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்தும். ஆகவே ‘90 விழுக்காடு துல்லியம்’ என்று ஒரு செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது, எத்தனை பேர், அவர்களைத் தவிர புதிய ஆள்களிடம் சோதித்தார்களா என்பதைத்தான். மூளை மின்னலைப் பதிவான இஇஜியிலும் இதே கதை. 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சிகிச்சையைத் தேர்வு செய்ய அதை நம்பும் நிலை இன்னும் வரவில்லை என்று முடித்தார்கள்.

இந்தச் சிக்கலின் ஒரு நுனியைப் பிடித்திருப்பது சிங்கப்பூரில் நடந்த வேலை என்பதில் எனக்குப் பெருமை. தாமஸ் இயோவின் குழு 2025இல் நேச்சர் இதழில் எழுதியது: மூளைப் படத்தை வைத்துக் கணிக்க வேண்டுமானால் ஆள்களின் எண்ணிக்கையைப் போலவே ஒவ்வொருவரையும் எவ்வளவு நேரம் படம் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். 10 நிமிடப் படம் சிக்கனம் என்று நினைப்பது தவறு, சராசரியாக 30 நிமிடம் எடுப்பதே கொடுத்த காசுக்கு அதிகம் தரும். மனச்சோர்வில் இருப்பவரை அந்தக் குழாய்க்குள் அரை மணி நேரம் அசையாமல் படுக்கவைப்பது எளிதல்ல. ஆனாலும் அரைகுறைப் படத்திலிருந்து அரைகுறைக் கணிப்பு வருவதைவிட அது மேல்.

சும்மா இருக்கேன்

இனி நான் சொல்லப்போவது எந்த ஆய்விலும் பெரிதாகப் பேசப்படாதது, ஆனால் நமக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

எதைக் கணிக்கிறோம்? பலன் என்பது இங்கே ஒரு கேள்வித்தாளின் மதிப்பெண். 1960இல் மேக்ஸ் ஹாமில்டன் உருவாக்கிய அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறார்கள். சோக உணர்வு, குற்ற உணர்வு, தூக்கம், வேலையில் நாட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, தொடக்கத்தில் இருந்ததில் பாதிக்குக் கீழே இறங்கினால் பலன் என்கிறார்கள். மூளைப் படத்தை எத்தனை நுட்பமாக எடுத்தாலும் கடைசியில் அதைப் பொருத்திப் பார்ப்பது இந்த மதிப்பெண்ணோடுதான்.

சித்தப்பாவிடம் ஒரு முறை, எப்படி உணர்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவர் தங்கச்சியைப் பார்த்து, “சும்மாதான் இருக்கேன்னு சொல்லும்மா” என்றார். அந்த ‘சும்மா’வுக்கு எத்தனை மதிப்பெண்? பரவாயில்லை என்றா, எதிலும் நாட்டமில்லை என்றா, தொந்தரவு செய்யாதே என்றா? எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியும், அவர் ‘சும்மா இருக்கேன்’ என்றால் நிலைமை மோசம் என்று. நம் பெரியவர்கள் பலர் சோகமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். நெஞ்சு பாரமாக இருக்கிறது, உடம்பு அசதியாக இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்பார்கள். பலதுறை மருந்தகத்தில் அது வயிற்றுக் கோளாறாகவும் இதயப் பரிசோதனையாகவும் மாறி, மனச்சோர்வு என்று பெயர் வைக்கவே காலம் பிடிக்கும். காலம் பிடித்தால் நோய்க்கட்டம் நீளும். நீண்டால், மேலே சொன்னபடி, சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறையும்.

கணிப்பு ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் வட அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும். அவர்களை வைத்துத் தைத்த சட்டை டெக்காவில் காய்கறி வாங்கும் நம் அத்தைக்குப் பொருந்துமா என்பதை இங்கே அளந்துதான் சொல்ல வேண்டும். நான்கு மொழி பேசும் இந்தத் தீவில் அதை அளக்க முடியும். தமிழில் கேட்டு, தமிழில் வந்த பதிலுக்குத் தமிழ் தெரிந்தவர் மதிப்பெண் போட்டு.

குறைந்த வாய்ப்பு, எதோடு ஒப்பிட்டு?

கணிப்பு நல்லது என்று நினைக்கும் எனக்கு ஒரு பயமும் உண்டு. நாளைக்கு ஒரு கருவி, ‘இவருக்குப் பலிக்கும் வாய்ப்பு 30 விழுக்காடுதான்’ என்று சொன்னால், சரி வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ? 30 என்பது தனியாகப் பார்த்தால் குறைவு. அவருக்கு முன்னால் இருக்கும் அடுத்த வழி என்ன, அதன் வாய்ப்பு எவ்வளவு? ஸ்டார்-டி ஆய்வின் மூன்றாவது படியில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

நெதர்லாந்தில் 2024இல் வெளியான ஆய்வு இதை நேராகவே கேட்டது. குறைந்தது இரண்டு மருந்து தோற்ற 89 பேரில், ஒரு பகுதியினருக்கு டிஎம்எஸ், மற்றவர்களுக்கு அடுத்த மருந்து. டிஎம்எஸ்ஸில் 37.5 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது, மருந்து மாற்றியவர்களில் 14.6 விழுக்காடு. குணமான நிலைக்கு வந்தவர்கள் 27 விழுக்காடு, மறு பக்கம் 5 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், போலி சுருளும் கிடையாது. ஆனாலும் காப்பிக்கடையில் என் தங்கச்சி கேட்ட கேள்விக்கு மிக அருகில் வருவது இந்த ஒப்பீடுதான். ‘வேலை செய்யுமா’ என்று கேட்பதைவிட, ‘இதை விட்டால் வேறு எது இதைவிட நன்றாக வேலை செய்யும்’ என்று கேட்டால் மருத்துவராலும் பதில் சொல்ல முடியும்.

சிலருக்கு அந்தப் பதில் உண்மையிலேயே வேறாக இருக்கும். இல்லாத குரல் கேட்பது, பொய்யான நம்பிக்கைகள் என்று மனச்சோர்வு முற்றியவருக்கும், சாப்பாடு தண்ணீரே இறங்காமல் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவருக்கும் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் மின்னதிர்வு சிகிச்சைதான் முதலில் பேசப்பட வேண்டியது. பழைய சினிமாவில் காட்டியதை வைத்து அதற்குப் பயப்பட வேண்டாம். தலைக்குள் உலோகம் வைத்தவர்கள், அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் ஒலிக்கருவி பொருத்தியவர்களுக்கு டிஎம்எஸ் ஆகாது. வலிப்பு வந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டிஎம்எஸ்ஸால் வலிப்பு வருவது மிக அரிது, ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

இன்றைக்கு நம் கையில் இருக்கும் மிக நம்பகமான கணிப்பு சிகிச்சை தொடங்கிய பிறகுதான் கிடைக்கிறது. பத்தாவது அமர்வுக்குள் அறிகுறிகள் 20 விழுக்காடாவது குறையாவிட்டால், கடைசியில் நல்ல பலன் கிடைக்கும் சாத்தியம் குறைவு என்று ஆய்வு இருக்கிறது. கட்டைவிரலுக்கு மிக அருகில் வருவது அதுதான், ஆனால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அப்போதும் அது தீர்ப்பு இல்லை. மெதுவாகத் தேறுகிறவர்களும் உண்டு. கனடா ஆய்விலேயே, கொஞ்சம் முன்னேறி முழுதாகத் தேறாதவர்களுக்கு 20 அமர்வை 30 ஆக நீட்டினார்கள்.

அந்த இரண்டு வாரத்தைக் கணக்கு வைக்கத் தங்கச்சி ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கினாள். ‘சும்மா இருக்கேன்’ என்பதை அவள் எழுதவில்லை. எத்தனை மணிக்கு எழுந்தார், குளித்தாரா, யாரிடம் பேசினார், என்ன சாப்பிட்டார் என்று தமிழில் எழுதினாள். பத்தாவது அமர்வன்று மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் இல்லை, 20 விழுக்காட்டை எட்டவில்லை. ஆனால் எட்டாம் நாள் பக்கத்தில், ‘பழைய டிப்போ நண்பருக்கு அப்பாவே ஃபோன் போட்டார், நான்கு நிமிடம்’ என்று இருந்தது. மருத்துவர் அந்தப் பக்கத்தைத் தங்கச்சியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மதிப்பெண் தாளையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நிறுத்த வேண்டாம், தொடரலாம் என்றார். சித்தப்பாவுக்கு 30 அமர்வு முடிந்தது. முழுக் குணம் என்று சொல்ல முடியாது, மதிப்பெண் பாதிக்குச் சற்று மேலேயே நின்றது. தூக்கம் வந்திருக்கிறது, காலையில் தானாக எழுந்து கீழே காப்பிக்கடைக்குப் போகிறார். தங்கச்சி இன்னும் நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள்.